வெளியாள் சொல்லிக்கொடுக்க வருகிறாரா? முதல் மாணவர் நீங்கள்தான்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்குப் பின்பக்கம் ஓர் அறை கிடைத்திருக்கிறதாம். ஐந்து தையல் மெஷின், கொஞ்சம் தச்சுச் சாமான், இரண்டு சால்டரிங் அயர்ன், யாரோ கொடுத்துவிட்டுப் போன ஒரு வெல்டிங் செட் எல்லாம் இருக்கிறது, சங்கத்து ஆட்களில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வராது, அதனால் வெளியிலிருந்து கைதேர்ந்தவர்களைக் கூப்பிட்டு வகுப்பு நடத்தலாமா, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு கொடுப்பது, சான்றிதழ் பார்க்க வேண்டுமா என்று. நான் பட்டர்வொர்த் பக்கம் இதே மாதிரி ஒரு பட்டறையை ஒன்பது வருடமாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராளமாகக் கூப்பிடுங்கள் தம்பி. ஆனால் நாங்கள் முதல் இரண்டு வருடம் செய்த தப்பைச் செய்யாதீர்கள். நல்ல வேலைக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டால் வகுப்பு தானாக நடந்துவிடும் என்று நினைத்தோம். வேலை தெரிந்தவர் வேறு, சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் வேறு என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எங்களுக்கு லேட்டாகப் புரிந்தது வேறொன்று. சொல்லிக்கொடுக்கவே வராத ஆளை வைத்தும் அருமையான வகுப்பு நடத்த முடியும், அதற்கு அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவில் நீங்கள் ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. பட்டறை என்றால் பாதிப் பேருக்குச் சிறுகதைப் பட்டறை, தன்முனைப்புப் பட்டறைதான் ஞாபகம் வரும். மேடை, மைக், கழுத்தில் அட்டை, மத்தியானம் பொட்டலச் சாப்பாடு. எங்கள் முதல் தச்சு வகுப்புக்கு வந்த ஐயா அப்படித்தான் நினைத்துக்கொண்டு பாத்தேக் சட்டை போட்டு வந்தார். நாற்பது வருடம் மரவேலை பார்த்தவர், கோயில் கதவு செய்தவர். ஐம்பது நிமிடம் தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னார், அதுவும் சுவாரஸ்யமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் ஒரு பலகையை எடுத்து அழகாக இழைத்துக் காட்டினார். பதினான்கு பேர் சுற்றி நின்று பார்த்தோம். சீவல் சுருள்சுருளாக விழுந்தது, எல்லாரும் கைபேசியில் படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள், பொன்னாடை போட்டு அனுப்பினோம். ஒருவர்கூட இழைப்புளியைத் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே பதினான்கு பேரில் ஒருவருக்கும் அலகை மாட்டத் தெரியவில்லை.

அதே ஐயாவை ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே வரச் சொன்னேன், ஆள் கூட்டம் இல்லாமல், அவரும் நானும் மட்டும், எங்கள் சாமானை வைத்து. "அலகு எவ்வளவு வெளியே இருக்கணும்னு எப்படி ஐயா தெரியும்?" என்றால் "கைக்குத் தெரியும்" என்கிறார். சரி, செய்யுங்கள் என்று விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு இழைப்பு இழைப்பார், மரத்து இழைப்புளியை மல்லாத்துவார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார், கட்டையில் ஒரு தட்டு தட்டுவார், மறுபடியும் இழைப்பார். அரை மணி நேரத்தில் ஆறு முறை. "அங்கே என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "எங்கே பார்த்தேன்?" என்றார். அவர் பார்ப்பது அவருக்கே தெரியவில்லை! என்னையும் பார்க்கச் சொன்னார். அந்தச் சமதளத்தில் அலகின் விளிம்பு ஒரு கறுப்பு மயிரிழை மாதிரி தெரிகிறது. ஒரு பக்கம் தடிப்பாகத் தெரிந்தால் அலகு சாய்ந்திருக்கிறது, மேல்நுனியில் பக்கவாட்டில் மெதுவாக ஒரு தட்டு. இன்னும் ஆழமாக வெட்ட வேண்டுமென்றால் அலகின் தலையில் தட்ட வேண்டும், குறைக்க வேண்டுமென்றால் கட்டையின் பின்பக்கத்தில் தட்ட வேண்டும், தட்டியபின் ஆப்பை இறுக்க வேண்டும். வகுப்பு முழுக்க இதுதான். மற்றதெல்லாம் பயிற்சி.

இரண்டாவது வகுப்பில் அவர் பேசவே இல்லை என்று சொல்லலாம். முதல் பதினைந்து நிமிடம் அந்த மயிரிழையை ஒவ்வொருவரும் பார்க்க வைத்தோம், அப்புறம் ஆளுக்கொரு மெராந்தி மரத் துண்டு, ஐயா ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று முழங்கையைப் பிடித்துத் திருத்தினார். பேசச் சொன்னால் தடுமாறுகிற மனுஷன், கையைப் பிடித்துக் காட்டச் சொன்னால் ராஜா.

அதனால் இப்போது எங்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு, யார் வந்தாலும் மாற்றுவதில்லை: ஒத்திகை இல்லாமல் வகுப்பு இல்லை. அதில் நான்தான் மாணவர், எனக்கு அந்த வேலை தெரிந்திருந்தால் தெரியாத இன்னொருவரை உட்கார வைப்பேன். வருகிறவர் ஒருமுறை செய்வார், நான் ஒருமுறை செய்வேன். நான் எங்கே சொதப்புகிறேனோ அங்கேதான் வகுப்புக்கு வரும் எட்டுப் பேரும் சொதப்பப் போகிறார்கள், அதை எழுதிக்கொள்வேன். நேரத்தையும் பார்ப்பேன். அவர் 20 நிமிடத்தில் முடிக்கிறதை நான் ஒரு மணி நேரத்தில் முடித்தால், வகுப்பில் இரண்டு மணி நேரம் வேண்டும். இந்தக் கணக்கு எங்களுக்கு அநேகமாகத் தப்பியதே இல்லை.

ஆளை எங்கே தேடுவது என்று கேட்டீர்கள். பெயர் வாங்கியவர்களைத் தேடாதீர்கள், அவர்களுக்கு நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. உங்கள் செந்தூலிலேயே ரயில் பட்டறையில் வேலை பார்த்த குடும்பங்கள் எத்தனை? பிட்டர், டர்னர், வெல்டர் என்று ஒரு தலைமுறையே அங்கே இருந்ததே, அவர்களிடம் தொழில் கற்ற மகன்கள் இன்னும் அக்கம்பக்கத்தில்தான் இருப்பார்கள். ஹார்ட்வேர் கடை முதலாளியிடம் கேளுங்கள், எந்த வாடிக்கையாளர் நல்ல உளியாகப் பார்த்துப் பொறுக்குகிறார் என்பது அவருக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள். சோபா தைக்கும் கடை, லோரிக்குக் கித்தான் தைக்கும் கடை, கைபேசி ரிப்பேர் கடை, எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆள் என் மனைவியின் பஜனைக் குழுவிலிருந்து வந்த ஓர் அக்கா. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும், இண்டெல் முதல் நிறைய மின்னணுத் தொழிற்சாலைகள் அங்கே வந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் கூட்டம்கூட்டமாக அங்கே வேலைக்குப் போனார்கள். அந்த அக்கா போனது 1978-இல். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தது, அதற்கு முன்பு விடிகாலையில் பஸ், அப்புறம் பெர்ரி, அப்புறம் இன்னொரு பஸ். முப்பது வருடத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே சால்டரிங். வகுப்பு எடுங்கள் என்று கேட்டபோது, "நான் ஒப்பரேட்டர்தானே, வாத்தியாரா என்ன? ஏதாவது இஞ்சினியர் பையனைக் கூப்பிடுங்க தம்பி" என்றார். மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்றாவது முறை வகுப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் பற்றவைப்பதெல்லாம் விட்டுப்போகிறது, வந்து பாருங்கள், என்ன தப்பு என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். வந்தார்.

ஒத்திகையில்தான் தெரிந்தது, அவருடைய கைக்கும் எங்கள் சாமானுக்கும் பொருந்தவே இல்லை. அவர் பழகியது சூட்டைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும் ஸ்டேஷன். எங்களிடம் இருந்ததோ பிளக்கில் செருகினால் தன்பாட்டுக்குச் சூடேறிக்கொண்டே போகும் 60 வாட் மலிவு அயர்ன். "இதுல டெம்பரேச்சர் எங்கே இருக்கு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது பற்றிலேயே செம்புத் தடம் சர்க்யூட் பலகையிலிருந்து உரிந்து வந்துவிட்டது. பொருளும் வேறு. 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு ஏற்றுமதி ஆலைகள் ஈயமில்லாப் பற்றுக்கு மாறிவிட்டன, அது உருக 217 டிகிரி போல வேண்டும். நாங்கள் கடையில் வாங்கியிருந்த பழைய தகர-ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். அவர் தொழிற்சாலையில் வைத்த சூட்டை எங்கள் பலகைக்கு வைத்தால் அது தாங்காமல் போகலாம். நேராக வகுப்புக்கு வந்திருந்தால் பத்துப் பேர் முன்னால் அந்த அக்கா அவமானப்பட்டிருப்பார், அப்புறம் ஜென்மத்துக்கும் வந்திருக்க மாட்டார். நாங்கள் வகுப்பைத் தள்ளிவைத்து, சூடு வைக்கக்கூடிய ஸ்டேஷன் நான்கு வாங்கி, அப்புறம்தான் ஆள் சேர்த்தோம். அதனால் நீங்களும் உங்களிடம் இருக்கிற இரண்டு அயர்னையும் முதலில் பாருங்கள்.

அவர் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். ஈயத்தைச் சூடாக்காதே, கம்பியையும் பலகையில் இருக்கும் செம்புப் பேடையும் சூடாக்கு, ஈயம் தானாக ஓடி வரும். அப்புறம், "பற்று கோபுரம் மாதிரி சரிஞ்சு இறங்கணும், கொழுக்கட்டை மாதிரி உருண்டு நிக்கக் கூடாது." பாலிடெக்னிக் படித்த பையன்கள் இருந்தார்கள், அவர்கள் நோட்டில் இதை எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். முடிந்ததும் எல்லாரையும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லி வரிசையாக அனுப்பினார், கழுவாமல் யாரும் தே தாரிக் டம்ளரைத் தொடக்கூடாது. ஈயம் கையில் இருக்கும், வாய்க்குப் போகும். இப்போது அவர் மாதம் ஒருமுறை வருகிறார். இன்னமும் வாத்தியார் என்று கூப்பிட்டால் கோபம் வருகிறது.

தவிர்க்க வேண்டியவர்களும் உண்டு. காசு வேண்டாம், இலவசமாக வந்து நடத்துகிறேன் என்று தானாக வருகிறவரிடம், வகுப்பு முடிந்ததும் என்ன விற்பீர்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். எங்களிடம் ஒருவர் தையல் வகுப்பு என்று வந்து, ஒரு மணி நேரம் தையல், ஒரு மணி நேரம் தவணையில் மெஷின் வாங்கும் திட்டம் என்று நடத்திவிட்டுப் போனார். நான்கு அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அந்தப் பேச்சை இன்றைக்கும் நான்தான் கேட்கிறேன்.

தையலுக்கு உங்களிடம் ஐந்து மெஷின் இருப்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம். ரவிக்கை வகுப்பு என்று போட்டால் அறை நிரம்பிவிடும், தீபாவளிக்கு முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் தையற்கார அக்காக்கள் எல்லாருமே ஒரு நாளில் ஒரு ரவிக்கை முடித்துவிடலாம் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் முடிப்பார்கள். எங்கள் அக்கா அளவு ரவிக்கையைத் துணிமேல் விரித்து, சாக்கட்டியால் விறுவிறுவென்று கோடு போட்டு, "இங்கே நாலு விரல் விட்டுக்கோங்க" என்பார். யாருடைய நாலு விரல்? ஒத்திகையில் டேப்பை எடுத்து அவர் விரலை அளந்தோம், இரண்டே முக்கால் அங்குலம். எல்லாருக்கும் அட்டையில் அந்த அளவு வெட்டிக்கொடுத்தோம். வகுப்பையும் நான்காகப் பிரித்தோம்: அளவெடுத்துக் காகிதத்தில் வெட்டுவது ஒரு நாள், பழைய போர்வைத் துணியில் வெட்டித் தைப்பது ஒரு நாள், கழுத்தும் கையும் ஒரு நாள், சொந்தத் துணி கடைசி நாள்தான். முதல் நாளே பட்டுத்துணியோடு வருவார்கள், விடாதீர்கள். கத்தரி போட்டபின் அழுதால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

காசு. இதில் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது, சமூக சேவைதானே என்று பொன்னாடையோடும் பழத்தட்டோடும் அனுப்பிவிடுவோம். வீட்டில் பொன்னாடை ஏற்கெனவே ஒரு அலமாரி நிறைய இருக்கும், அவருக்குப் பெட்ரோலுக்கும் டோலுக்கும் காசு வேண்டும். சனிக்கிழமை ஒரு வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்றால் அந்த அரை நாள் சம்பளத்துக்குக் குறையக் கூடாது, ஒத்திகைக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். எங்கள் கணக்கு இது: எட்டுப் பேர், ஆளுக்கு 45 வெள்ளி, மொத்தம் 360. மூன்று மணி நேர வகுப்புக்கு அவருக்கு 180, பொருளுக்கு ஆளுக்கு 10 என்று 80, மிச்சம் 100-இல் ஒத்திகைப் பணம், மின்சாரம், உடைந்த பிளேடு, தேநீர். லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. கோலாலம்பூரில் நீங்கள் கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்று முதல் பேச்சிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள், வயதானவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வகுப்பு முடிந்த அன்றே கவரில் போட்டுக் கையில் கொடுங்கள், பொருளாளர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் என்று இழுத்தால் அந்த ஆளோடு சேர்த்து அவர் நண்பர்களையும் இழந்துவிடுவீர்கள். மாணவர்களிடம் முன்கூட்டியே கியூஆரில் வாங்கிவிடுங்கள். இலவசம் என்றால் இருபது பேர் பெயர் கொடுப்பார்கள், ஆறு பேர் வருவார்கள். இருபது வெள்ளி கட்டியவர் மழையில் நனைந்துகொண்டாவது வருவார். கட்ட முடியாதவர்களுக்கு இரண்டு இடம் சத்தமில்லாமல் ஒதுக்கி வையுங்கள், அது யார் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரே ஒரு இடத்தில் முரட்டுத்தனமாக இருக்க வேண்டும். நாற்பது வருடம் வேலை பார்த்தவர்கள் பலர் கண்ணாடி போட மாட்டார்கள். "இத்தனை வருஷம் போடல, என் கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். கண் போனவர் இப்போது பாடம் நடத்த வரமாட்டார், அதனால் நல்ல கண் உள்ளவர்கள் சொல்வதுதான் நம் காதில் விழுகிறது. பட்டறைக்குள் வந்தால் வருகிறவருக்கும் அதே விதிதான், அவர் போடாவிட்டால் மாணவர்களும் போட மாட்டார்கள். இதை ஒத்திகையில் தனியாகச் சொல்லிவிடுங்கள், வகுப்பு நடுவில் எல்லார் முன்னாலும் திருத்தினால் மரியாதைக் குறைவாகிவிடும். டிரில், கிரைண்டர் முன்னால் துணிக் கையுறை கூடாது, சுற்றுகிற சாமான் அதைப் பிடித்துக் கையோடு இழுத்துவிடும். நம் ஆட்களுக்கு இன்னும் சில உண்டு: மணிக்கட்டில் கோயில் கயிறு, கழுத்தில் தாலிச்சங்கிலி, துப்பட்டா. கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் சண்டை வரும், அவிழ்க்கவும் வேண்டாம், மேலே இறுக்கமான ரப்பர் பேண்டோ சட்டைக் கையோ போட்டு மறைத்துவிடுங்கள். தாலியைச் சட்டைக்குள் விட்டு மேல்பொத்தானைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இதை ஒரு பெண் சொன்னால் நல்லது, நான் சொல்லி ஒருமுறை முழித்தேன்.

மின்சாரம் பற்றி: கைச்சாமான் செருகும் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே துண்டித்துவிடும் சாதனம், இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள், வீட்டுக்குப் பொதுவாகப் போடும் 100 மில்லி ஆம்பியர் போதாது. அதேபோல 'வீட்டு வயரிங்' என்று வகுப்பு வைக்காதீர்கள். சுவருக்குள் போகிற வேலை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த ஆட்களுக்கு மட்டும்தான். பிளக் மாட்டுவது, பியூஸ் பார்ப்பது, மல்டிமீட்டர் பிடிப்பது, ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது, இதற்கே இரண்டு வகுப்பு ஓடும். வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது, சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

சான்றிதழ் கேட்டீர்கள். தாமானில் சனிக்கிழமை வகுப்பு நடத்துவதற்குப் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டியதில்லை. எச்ஆர்டி லெவி விஷயம் வேறு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் தொழிலாளர் பயிற்சிக்காகக் கட்டும் பணம் அது, அந்த நிறுவனங்கள் உங்கள் வகுப்புக்கு ஆள் அனுப்பி லெவியிலிருந்து பணம் கேட்க வேண்டுமென்றால்தான் பதிவு, அங்கீகாரம் என்று போக வேண்டும். முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் ஒன்று செய்யலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. காகிதம் இல்லாமல் முப்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு அவர்கள் அனுபவத்தை வைத்தே மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், கிடைக்க ஒரு வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையின் 'பெங்கிக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு', சுருக்கமாக பிபிதி. செய்த வேலைகளின் படம், ஆதாரம் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் வெல்டர் அண்ணன் ஒருவருக்கு மலாய் படிவத்தை எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். 180 வெள்ளியைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து யாராவது வருகிறார், கோயில் வேலைக்கு வந்திருக்கிற சிற்பி சும்மாதானே இருக்கிறார், ஒரு வகுப்பு வைக்கலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சுற்றுலாப் பயணியாக உள்ளே வந்தவர் சம்பளம் வாங்கிப் பாடம் நடத்தக் கூடாது, அதற்குப் 'பாஸ் லாவாத்தான் இக்திசாஸ்' என்ற தொழில்முறை வருகை அனுமதி தனியாக எடுக்க வேண்டும். கோயில் வேலைக்கு வந்தவருடைய பாஸ் அந்தக் கோயில் வேலைக்குத்தான். சும்மா வந்து பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும்.

சிறுபிள்ளைகள் வகுப்பு என்றால் வெளியாள் ஒருபோதும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் உங்கள் ஆள் இருவர், கதவு திறந்து. எவ்வளவு மதிப்பான ஆளாக இருந்தாலும் சரி. முதலிலேயே எல்லாருக்கும் பொது விதியாக எழுதி ஒட்டிவிட்டால் யாரும் தன்னைச் சொல்கிறார்கள் என்று நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இது நான் தாமதமாகக் கற்றது. வருகிறவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கலாம்: எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தால் என் பிழைப்பு என்ன ஆவது? தைப்பூசத்துக்குக் காவடி கட்டும் ஒரு தம்பியைக் கூப்பிட்டோம், பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற காவடிகளில் வருடா வருடம் அவர் கை பட்டது சில இருக்கும். வருகிறேன், வருகிறேன் என்பார், வரமாட்டார். கடைசியில் மாமாக் கடையில் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசியபோது சொன்னார், தோளில் பாரம் விழாமல் அலுமினியச் சட்டத்தை எங்கே வளைப்பது என்பது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது, அதை வீடியோ எடுத்து விட்டுவிட்டால் அடுத்த வருடம் அவருக்கு ஆர்டர் இருக்காது. நியாயம்தானே? சட்டத்தை அவரே செய்து கொண்டுவருவது, வகுப்பில் மயிலிறகு கட்டுவதும் அட்டையில் வேலைப்பாடு வெட்டுவதும் மட்டும், படம் எடுக்கலாம், வீடியோ கிடையாது என்று முடிவு செய்தோம். அந்த வகுப்பிலிருந்தே அவருக்கு இரண்டு சட்டத்துக்கு ஆர்டர் போனது. இப்போது யார் வந்தாலும் நானே முந்திக்கொண்டு, "எதைச் சொல்லிக்கொடுக்க விருப்பமில்லை?" என்று கேட்டுவிடுகிறேன். கேட்டதும் முகம் தெளிந்துவிடும்.

ஒவ்வொரு வகுப்பிலும் உங்கள் ஆள் ஒருவர் கைத்துணையாக இருக்க வேண்டும், அவர் வேலை பிளேடு எடுத்துக் கொடுப்பது மட்டுமல்ல, மூன்றாவது முறை அதே வகுப்பு நடக்கும்போது பாதியை அவர் நடத்த வேண்டும். சால்டரிங் அக்காவின் வகுப்பில் இப்போது முதல் ஒரு மணி நேரத்தை என் அண்ணன் மகள் பார்த்துக்கொள்கிறாள், கோபுரம் கொழுக்கட்டை எல்லாம் அப்படியே சொல்கிறாள். மொழியிலும் இது உதவும். அக்காவுக்கு மலாயில் கோவையாகப் பேச வராது, சீனர்களும் மலாய்க்காரர்களும் வரும்போது அவள்தான் மாற்றிச் சொல்வாள்.

நாள் பார்ப்பதற்கு என் யோசனை: ஞாயிறு காலை வேண்டாம், கோயிலும் தேவார வகுப்பும் இருக்கும். ஆடியில் தொடங்குங்கள், கல்யாணம் கிடையாது, சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சும்மாதான் இருப்பார்கள். ஆவணி பிறந்தால் ஆள் கிடைக்காது. நோன்பு மாதத்தில் வகுப்பு வந்தால் நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம் அந்த வெல்டிங் செட். அதை இப்போதைக்குத் துணி போட்டு மூடி வையுங்கள். 13 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்தான் வரும், செட்டின் பின்பக்கத்துத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் செருகாதீர்கள். நாலு பேருக்கு நாலு ஹெல்மெட், ஒளியை மறைக்கத் திரை, நல்ல காற்றோட்டம் எல்லாம் வந்த பிறகு நாலே பேரை வைத்துத் தொடங்கலாம். சிங்க் பூசிய இரும்பைப் பற்றவைக்கும்போது வரும் நச்சுப்புகைக்குப் பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வருகிறவர் சொல்வார், எல்லா வெல்டரும் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு அந்தப் பூச்சை முதலில் தேய்த்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் வகுப்பு தையலாகவே இருக்கட்டும். ஐந்து மெஷினுக்கு எட்டுப் பேர், பாதிப் பேர் வெட்டும்போது பாதிப் பேர் தைக்கலாம். ஒன்பதாவது ஆளைச் சேர்க்காதீர்கள், அவர் சங்கத் தலைவரின் மச்சினியாக இருந்தாலும் சரி.